உரோமானியக் காசுகளின் அருமைப்பாடு: பெண்ணையாற்றுக் கரையிலிருந்து ஒரு நோக்கு

பழந்தமிழகத்தில் கிடைத்த உரோமானியக் காசுகளைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்றுள்ள கட்டுரைகளிற் பெரும்பாலன மூன்று வினாக்களுக்கு விடை கூறுவன. அக்காசுகள் யாண்டுக் கிடைத்தன? எப்பேரரசர் காலத்தன? யவனர் வாணிகத்திற்கு எவ்வகையிற் சான்றாவன? இம்மூன்றும் வேண்டற்பாலனவே. ஆயினும் இவற்றிற்கு விடை கூறும்போதே, நம்மை அறியாமல், நான்காவது வினா ஒன்றற்கும் விடை கூறிவிடுகின்றோம். ‘இஃது அரிய காசு’ என்றும், ‘இஃது எங்கும் கிடைப்பது’ என்றும் எழுதிச் செல்கின்றோம். எதனைக் கொண்டு அவ்வாறு எழுதுகின்றோம் என வினவின், ஐரோப்பிய அட்டவணை நூல்களில் அக்காசிற்கு நேரே இடப்பட்டுள்ள குறியைக் கொண்டு என்பதே விடையாகும். அக்குறி எவற்றை எண்ணிப் பெறப்பட்டது, நம் மண்ணிற் கிடைத்தவற்றிற்கு அது பொருந்துமா என்பன ஆராயப்படுவதில்லை. கடலூர், சிதம்பரம் ஆகிய வட்டாரங்களையும் பெண்ணையாற்றின் கரையையும் முன்வைத்து அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ‘அருமை’ என்னும் பண்புப் பெயர் தமிழில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பொருள் ஏறி நிற்பது. கிடைத்தற்கு அரிது, செய்தற்கு அரிது, விலைமதிப்புடையது, அன்பிற்குரியது ஆகிய நான்கும் அதனுள் அடங்கும். அரும்பொருள் என்னுமிடத்து எண்ணிக்கைக் குறைவும் மதிப்பு மிகுதியும் பிரிக்கவொண்ணாதவாறு கலந்து நிற்கின்றன. ‘அருங்காட்சியகம்’ என்று நாம் அமைத்துக்கொண்ட பெயரும் இக்கலப்பையே தாங்கி நிற்கின்றது. அன்றாடம் புழங்கிய ஓட்டுக்கும் எளிய செப்புக்காசுக்கும் அங்கு இடமில்லைபோலும் என்று கருத இடந்தரும் பெயர் அது. காசாராய்ச்சியில் இவ்விரு பொருளையும் பிரித்தே ஆளுதல் வேண்டும். இக்கட்டுரையில் அருமைப்பாடு என்பது எண்ணிக்கைக் குறைவை மட்டுமே குறிக்கும், விலையைக் குறிக்காது.

மேனாட்டிலும் இவ்விரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாகவே எண்ணப்பட்டன. பிரெஞ்சு நாட்டு மியோனே என்பார் 1815இல் வெளியிட்ட நூலின் பெயரே ‘உரோமானியக் காசுகளின் அருமையும் விலையும் பற்றி’ என்பதாகும். அவருக்குப் பின் வந்த ஆன்றி கோவன், 1859 முதல் 1868 வரை பல தொகுதிகளாக வெளியிட்ட பேரட்டவணையில் ஒவ்வொரு காசிற்கும் பிராங்குக் கணக்கில் விலை குறித்தார். விலை ஏறின் காசு அரியது, இறங்கின் எளியது என்பதே கணக்கு. 1923இல் மாட்டிங்லி, சைடன்ஹாம் ஆகிய இருவரும் தொடங்கிய ‘உரோமப் பேரரசின் காசுகள்’ என்னும் பெருநூல் வரிசை விலையைக் கைவிட்டுப் படிநிலைக் குறிகளை ஆண்டது. 1984இல் சதர்லாந்து திருத்தி வெளியிட்ட அதன் முதற்றொகுதியிலும் எளியது, சற்றே அரியது, அரியது என்றாங்குப் படிகள் ஏறிச் சென்று, உச்சியில் ஒன்றே ஒன்று காணப்பட்டது என்னும் குறியிற் சென்று முடிகின்றன. இன்று நம் ஆராய்ச்சி மாணவர் எடுத்தாள்வது பெரும்பாலும் இக்குறிகளையே.

இக்குறிகள் எவற்றை எண்ணி இடப்பட்டன? இலண்டன், பாரிசு, வியன்னா, பெர்லின் முதலிய பெருநகரத்துக் காசு நிலையங்களில் இருந்தவற்றையே அடிப்படையாகக் கொண்டு இடப்பட்டன. காசு நிலையத்தின் இயல்பு யாதெனின், அது வகைக்கு ஒன்றாகவோ இரண்டாகவோ சேர்க்கும். ஒரே வகையில் ஐந்நூறு சேர்க்காது. காப்பாளர் ஒருவர் தம் பேழையில் இல்லாத வகை ஒன்று விலைக்கு வந்தால் பெரும்பொருள் கொடுத்தும் வாங்குவர். உள்ள வகையே மீண்டும் வந்தால் விலக்கிவிடுவர். இதனால் நேரும் விளைவு வியப்பிற்குரியது. அரிய வகை பேழையில் தன் உண்மையளவினும் மிகுந்து தோன்றும். எளிய வகை குறைந்து தோன்றும். அருமையை அளக்க வந்த கோலே அருமையை நாடிச் சேர்த்த கையால் வளைக்கப்பட்டது என்க.

இதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று காட்டலாம். ஒரு பக்கம் நின்ற உருவமும், மறுபக்கம் இருந்த உருவமும், நாகரி எழுத்தில் இராசராசன் பெயரும் பொறித்த சோழர் செப்புக்காசு தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் கணக்கின்றிக் கிடைப்பது. அயல்நாட்டுச் சிறு நகரம் ஒன்றன் பேழையில் அதன் படி ஒன்றே இருப்பின், அந்நகரத்தார்க்கு அஃது அரிய காசாகத் தோன்றும். சிதம்பரத்திற் பழம்பொருள் காண்பார்க்கு அவ்வாறு தோன்றாது. காசு ஒன்றே, எண்ணிய இடம் வேறு.

புதையல்கள் இவ்வெண்ணிக்கையை ஒரே நாளிற் புரட்டிவிடவும் வல்லன. 2010இல் இங்கிலாந்து நாட்டுச் சாமர்செட்டுப் பகுதியில் புரோம் என்னும் ஊர்க்கருகே ஒரே பானையில் 52,503 உரோமானியக் காசுகள் கிடைத்தன. பிரித்தானியத் தீவிற் சில்லாண்டுகளே தனியாணை செலுத்திய கரௌசியஸ் என்பானுடைய காசுகள் மட்டும் அவற்றுள் எழுநூற்றுக்கு மேற்பட்டன. அதற்கு முதல் நாள் வரை எழுதப்பட்ட அருமைக் குறிகள் அவன் காசுகளைப் பொறுத்தவரை மறுநாள் திருத்தத்திற்கு உரியவாயின. ஆதலின் அருமைப்பாடு என்பது காசின்கண் உள்ள குணமன்று. எண்ணப்பட்ட ஒரு தொகுதிக்கும் அக்காசிற்கும் இடையே உள்ள உறவே அது. தொகுதியைக் கூறாது அருமையை மட்டும் கூறுதல், அளவுகோலின் பெயர் கூறாது நீளம் கூறுவதோடு ஒக்கும்.

தமிழகத்துக் குவைகள் கூறுவன

இனி நம் நாட்டுப் புதையல்களைக் காண்பாம். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 522 வெள்ளிக்காசுகள் ஒருங்கே கிடைத்தன. தெலுங்கு நாட்டு அக்கன்பள்ளியிற் கிடைத்த குவை 1,531 வெள்ளிக்காசுகள் கொண்டது. தென்னாட்டில் வெளிப்பட்ட இத்தகைய வெள்ளிக் குவைகளை நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது இரண்டு வகைகளின் பேராட்சியாகும். ஒன்று, அகஸ்டஸ் பேரரசரின் தலையை ஒருபுறமும், அவர்தம் மகன்மை கொண்ட காயஸ், லூசியஸ் ஆகிய இருவரும் கேடயங்களொடு நிற்கும் கோலத்தை மறுபுறமும் உடையது. மற்றொன்று, டைபீரியஸ் தலையையும், கையிற் கோலும் கிளையும் ஏந்தி இருக்கையில் அமர்ந்த பெண்ணுருவையும் உடையது. இரண்டும் இன்றைய பிரான்சு நாட்டு இலியோன் நகரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்டவை. பிற வகைகள் இவற்றிடையே இங்கொன்றும் அங்கொன்றுமாகவே காணப்படுகின்றன.

இதற்குக் காரணம் என்னை? கி.பி. 64 அளவில் நீரோ மன்னன் காசின் எடையைக் குறைத்தான். அதுகாறும் ஓர் உரோம இறாத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த அக்கசாலை, அதன்பின் 96 காசு அடிக்கலாயிற்று. வெள்ளியில் மட்டமான உலோகமும் கலந்தது. பொற்காசு இறாத்தலுக்கு 45 என்னும் அளவிற்கு இறங்கிற்று. நிறையும் மாற்றும் குறைந்த வெள்ளியைத் தமிழ்நாட்டு வணிகர் ஏற்கவில்லை என்பதைக் குவைகளே காட்டுகின்றன. நீரோவிற்குப் பிற்பட்ட வெள்ளிக்காசு நம் குவைகளில் மிகச் சிலவே. பொற்காசோ அவனுக்குப் பின்னும் தொடர்ந்து வந்துள்ளது. ஈழத்து அரசன் ஒருவன், வெவ்வேறு மன்னர் தலை பொறித்த உரோமானிய வெள்ளிக்காசுகள் யாவும் ஒத்த எடையுடையனவாய் இருத்தலைக் கண்டு அந்நாட்டாரின் நேர்மையை வியந்தான் எனப் பிளினி எழுதியுள்ளார். அக்கதை எத்துணை உண்மையாயினும் ஆகுக. கீழ்நாட்டார் காசின் முகத்தை நோக்காது எடையையே நோக்கினர் என்னும் எண்ணம் உரோமர்க்கு இருந்தது என்பதேனும் அதனால் தெளிவாம்.

இங்கு ஓர் உண்மையை அழுத்திக் கூறுதல் வேண்டும். கி.பி. 107 அளவில் டிராஜன் பேரரசர் தேய்ந்த பழங்காசுகளை எல்லாம் திரட்டி உருக்கினார் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ கூறுகின்றார். அவ்வாறு உருக்கப்பட்ட பழைய நல்வெள்ளியின் ஒரு பகுதி, அதற்கு முன்னரே கடல் கடந்து வந்து நம் மண்ணிற் புதைந்து தப்பியது. பேரரசின் உள்ளே அழிந்த ஒன்று பேரரசிற்கு வெளியே பிழைத்திருத்தல் இயல்பே. எனவே ஐரோப்பிய எண்ணிக்கையால் ‘அரியது’ எனப்பட்ட வகை இங்கு மிகுந்திருத்தலும், அங்கு மலிந்த வகை இங்கு முற்றிலும் இல்லாதிருத்தலும் கூடும். டொமிசியன் வெள்ளிக்காசு அட்டவணைகளில் மிக எளியது. தமிழ்நாட்டு மண்ணிலிருந்து, கிடைத்த இடம் உறுதிப்பட்ட நிலையில், அஃதொன்று வருமாயின் அதனை நாம் எளிதெனத் தள்ளுதல் கூடாது. காயஸ், லூசியஸ் காசு நூறு வரினும் அது கூறும் செய்தி பெரும்பாலும் நாம் முன்னரே அறிந்ததாக இருக்கும்.

பொற்காசுகளுள் புதுக்கோட்டைக் குவை தனித்து எண்ணத்தக்கது. 1898இல் வெளிப்பட்ட அக்குவையில் 501 பொற்காசுகள் இருந்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையுள்ள மன்னர் பலருடைய காசுகள் அவை. அவற்றுட் பெரும்பாலனவற்றின் தலைமீது உளியால் ஆழ வெட்டிய தழும்பு உள்ளது. அறிஞர் ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அவை மீண்டும் காசாக வழங்காது பொன்னாக மட்டுமே எடுக்கப்பட வேண்டும் என்பதற்காக வெட்டப்பட்டன என்பர் சிலர். பொன்னின் மாற்றறிய வெட்டினர் என்பர் வேறு சிலர். என் கருத்தில் முதற்கூற்றே வலியுடையது. மாற்றறிதற்கு உரைகல் இருக்க, ஒவ்வொரு காசின் முகத்தையும் பிளத்தல் வேண்டா. அஃது எவ்வாறாயினும், காசு வணிகர் இவ்வெட்டுண்ட காசைப் ‘பழுதுற்றது’ என்று விலை குறைப்பர். வெட்டில்லாத அதே காசு உலகெங்கும் உண்டு. வெட்டுண்டதோ நம் நாட்டார் ஒருவர் கைபட்டதற்கு அக்காசின்மேல் எஞ்சியுள்ள ஒரே எழுத்து. எண்ணிக்கையால் நோக்கினும் வெட்டுண்ட காசே அரியது. விலையும் அருமையும் இவ்விடத்தில் நேர் எதிராக நடக்கின்றன.

கடலூர்க் கரை

கொங்கு நாட்டுக் குவைகளின் பெருக்கத்தைக் கண்ட கண்ணோடு கடலூர்க் கரைக்கு வருவார்க்கு ஏமாற்றமே மிஞ்சும். கடலூர்க்கு வடக்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு யவன வாணிகத்திற்கு உலகறிந்த சான்று. பெரிபுளூஸ் என்னும் கடற்செலவு நூல் கீழ்க்கரைத் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்றைக் கூறுகின்றது. அவற்றுட் பொதுகே என்பதை அறிஞர் பலர் இப்பகுதியொடு பொருத்துவர். ஆயினும் 1945இல் வீலர் அங்கு அகழ்ந்தபோது மண்ணடுக்குகளின் காலத்தைக் கணித்தற்கு அவருக்குக் கைகொடுத்தது உரோமானியக் காசன்று. இத்தாலி நாட்டு அரெட்டைன் என்னும் செந்நிற மட்கலமே. கடலூர்க்குத் தெற்கே காரைக்காட்டில் 1966-67இல் சென்னைப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோதும், அரிக்கமேட்டை ஒத்த சக்கரக்கோட்டு மட்கலங்களும் மது ஏற்றிவந்த இருகைச் சாடிகளின் உடைவுகளுமே அவ்வூரின் கடல் வாணிகத்தைக் காட்டின. இன்று அவ்வூரைச் சூழத் தொழிற்பேட்டை எழுந்துள்ளது. கடலூர் வட்டத்துத் தொண்டமாநத்தம் என்னும் ஊர் உரோமப் பொற்காசு கிடைத்த இடங்களின் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது. இவ்வளவே.

கரையிற் காசு அருகியும் உள்நாட்டில் மலிந்தும் இருத்தல் முரணாகத் தோன்றினும் முரணன்று. துறைமுகத்திற் காசு கைமாறும், ஆங்குத் தங்காது. மிளகும், கொங்கு நாட்டு நீலக்கல்லும் எங்கிருந்து வந்தனவோ, அங்கும் அவ்வழியிலும் அது சென்று சேரும். அன்றியும் அகழ்வாய்வு வேறு, புதையல் வேறு. அகழ்வாய்வில் வெளிப்படுவது வழியிற் சிந்தியது. பொன்னையும் வெள்ளியையும் எவரும் சிந்திவிட்டுத் தேடாது செல்லார். புதையலில் வெளிப்படுவது அஞ்சியோ சேமித்தோ வைத்து, மீளவும் வந்து எடுக்க இயலாது போனது. இவ்விரண்டையும் ஒரே பட்டியலிற் கூட்டி, ‘கோவைப் பகுதியில் இத்தனை நூறு, கடலூர்ப் பகுதியில் ஒரு சில’ என்று ஒப்பிடுதல் பொருந்தாது.

இங்குக் கணக்கு நூலார் தரும் எளிய விதியொன்று துணையாகும். ஒரு தொகுதியிற் பல காசுகளை நோக்கியும் ஒரு வகை ஒன்றேனும் காணப்படவில்லையாயின், அவ்வகையின் பங்கு, மூன்றை நோக்கிய காசுகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் அளவிற்கு மேற்படாது என்று நூற்றுக்கு 95 பங்கு உறுதியுடன் கூறலாம் என்பது அது. வெள்ளலூர்க் குவையில் 522 காசுகளுள் ஒரு வகை இல்லையெனின், அக்குவை எத்தொகுதியினின்று எடுக்கப்பட்டதோ அதனுள் அவ்வகையின் பங்கு நூற்றுக்கு அரையினும் சிறிதே மிகும், ஏறத்தாழ 0.6 விழுக்காடு. ஆனால் பத்தே காசுகள் நோக்கப்பட்ட ஓரிடத்தில் அவ்வகை இல்லையாயின், அதன் பங்கு 26 விழுக்காடு வரை இருக்கவும் கூடும். அதாவது நான்கில் ஒன்றாக இருந்த வகையும் பத்துக் காசில் தலைகாட்டாது போகலாம். கடலூர்க் கரையில் நம்மிடம் உள்ளது இவ்விரண்டாம் நிலை. ஆதலின் ‘இக்கரையில் இவ்வகை வழங்கவில்லை’ என்று எழுதுதற்கு நமக்கு இன்னும் உரிமை பிறக்கவில்லை. புதையல் என்பது குருட்டுக் கையால் அள்ளிய பிடியன்று, ஒருவர் தெரிந்து சேர்த்த சேமிப்பு ஆதலின், இவ்விதியையும் அளவறிந்தே ஆளுதல் வேண்டும்.

இதனினும் நுண்ணிய வழி அச்சுக்களை எண்ணுதல். ஒவ்வொரு காசும் ஒரு முகப்பச்சுக்கும் ஒரு பின்னச்சுக்கும் இடையே வைத்து அடிக்கப்பட்டது. கையாற் செதுக்கிய அச்சாதலின் இரண்டு அச்சுக்கள் முற்றும் ஒத்திரா. ஒரே வகையைச் சேர்ந்த காசுகளை அடுக்கி வைத்து, எவ்வெவை ஓரச்சிற் பிறந்தன என்று பிரித்தறியின், அக்கசாலை எத்துணை அச்சுக்களை ஆண்டது என்பதை ஒருவாறு கணிக்கலாம். 1953இல் குட் என்னும் கணித அறிஞர், அறியப்படாத இனங்களின் அளவை அறிந்தவற்றிலிருந்து உய்த்துணரும் முறையொன்றை வெளியிட்டார். பின்னர் எஸ்டி என்பார் அதனைக் காசுகளுக்குப் பொருத்தினார். அதன் சாரம் இது: ஒரு வகையில் 100 காசுகளை நோக்கினோம் என்று கொள்வோம். அவற்றுள் 70 காசுகளின் அச்சுக்கள் ஒவ்வொரு முறையே காணப்பட்டனவாயின், நாம் கண்ட அச்சுக்கள் அனைத்தும் சேர்ந்து அவ்வகையில் அடிக்கப்பட்ட காசுகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டையே அடித்தன என்பதாம். எஞ்சிய 70 விழுக்காட்டை அடித்த அச்சுக்களை நாம் இன்னும் காணவில்லை. ஒரே அச்சு மீண்டும் மீண்டும் வருமாயின் தொகுதி சிறிது. புதிய அச்சே வந்துகொண்டிருப்பின் தொகுதி பெரிது. அட்டவணைக் குறியினும் இஃது எத்துணையோ மேலானது. ஏனெனின், பேழைக் காப்பாளரின் விருப்பு வெறுப்புக்கள் வகைகளைத் தெரிவதிற் புகுவதுபோல் அச்சுக்களைத் தெரிவதிற் புகுவதில்லை. இம்முறைக்கு வேண்டுவன நல்ல ஒளிப்படமும் பொறுமையும் மட்டுமே. நம் பட்டமேற்படிப்பு மாணவர்க்கு உகந்த பணி இது.

பொன்னும் பூணும்

இலக்கியச் சான்றுகளை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். யவனர் மரக்கலம் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் செய்தி அகநானூற்று 149ஆம் பாட்டில், எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் வாக்காக வருவது யாவரும் அறிந்ததே. அங்குக் கூறப்படுவது பொன், காசென்று கூறப்படவில்லை. அள்ளூர் நன்முல்லையார் பாடிய குறுந்தொகை 67ஆம் பாட்டிலோ காசு வருகின்றது. ஆனால் அது கைமாறும் செல்வமாக வரவில்லை. கிளியின் அலகில் உள்ள வேப்பம்பழத்திற்கு, புதிய நூல் கோப்பவனது கூரிய உகிரிடைப்பட்ட பொற்காசு உவமையாகின்றது. அக்காசு உரோமானியக் காசென்று கூறுதற்குச் சான்றில்லை. பழத்தின் வடிவை நோக்க, அது மணிபோல் உருண்டதென்றே கொள்ளல் வேண்டும். எனினும் ‘காசு’ என்னும் சொல் அக்காலத்தே அணிகலத்தொடு பொருந்தி நின்றது என்பது தேற்றம். தென்னாட்டிற் கிடைத்த உரோமப் பொற்காசுகள் சிலவற்றில் துளையோ வளையமோ இருத்தல் இதனொடு வைத்து எண்ணத்தக்கது.

அணியாயது உருக்கப்படும், மகளுக்கு ஆக்கிய பூண் பேத்திக்கு வேறு பூணாகும். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓயாது உருக்கிவரும் ஒரு நாட்டில் எஞ்சிய பொற்காசுகளின் எண்ணிக்கை, வந்தவற்றின் எண்ணிக்கையை நேரே காட்டாது. புதைத்தவர் மீளாமையால் எஞ்சியவையே நம் கைக்கு வந்துள்ளன. எனவே பொற்காசின் அருமைப்பாட்டை மதிப்பிடுவார் வரவு, உருக்கு, புதைவு, கண்டெடுப்பு, பதிவு ஆகிய ஐந்து வாயில்களையும் கடந்து வந்த ஒன்றைத் தாம் எண்ணுகின்றார் என்பதை மறத்தலாகாது. ஐந்தாம் வாயிலாகிய பதிவே நம் நாட்டில் மிகக் குறுகியது. 1847இல் கண்ணூர்க்கருகே கோட்டயத்தில் வெளிப்பட்ட பெரும் பொற்குவை முறையாக எண்ணப்படுவதற்கு முன்பே பல கைகளிற் சிதறிப்போயிற்று. அதனுள் எவ்வகை எத்தனை இருந்தன என்பதை இனி எவரும் முழுதும் கூறவியலாது. உலகில் எங்கோ ஒரு பேழையில் ‘மிக அரியது’ என்னும் சீட்டோடு இருக்கும் காசொன்று, அக்குவையில் ஐம்பதில் ஒன்றாக இருந்ததாகவும் கூடும்.

செம்பின் முறை

இவ்வட்டாரத்திற்கு உண்மையில் உரிய வழக்கு செப்புக்காசின் வழக்காகும். கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சிறு செப்புக்காசுகள் கரூரில் அமராவதியாற்று மணலிலும், மதுரையில் வையைப் படுகையிலும், திருக்கோவலூரிற் பெண்ணையாற்றிலும் கிடைத்துள்ளன. தினமலர் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி இம்மூன்றிடத்துக் காசுகளையும் திரட்டி நூலாக்கியுள்ளார். விரல்நகத்தளவின, தேய்ந்தவை, எழுத்துத் தெளிவாகப் படிக்கக்கூடியவை மிகச் சில. அட்டவணைக் குறியால் இவை எளியவற்றினும் எளியவை. உரோமப் பேரரசு முழுவதும் இலக்கக்கணக்கில் அடித்துச் சொரிந்தவை. அதனாலேயே காசு விற்பார் இவற்றை மதிப்பதில்லை. படிக்கத்தக்க ஒன்றிரண்டைப் பொறுக்கிக்கொண்டு, எஞ்சியவற்றைப் பழஞ்செம்பின் விலைக்குத் தள்ளிவிடும் வழக்கமும் உண்டு.

வரலாற்றிற்கோ இவையே தலையாயவை. பொன்னும் வெள்ளியும் உலோக மதிப்பிற்காக வந்தன என்று கூறிவிடலாம். உலோகமாக நோக்கின் ஒன்றும் பெறாத இச்செம்புத்துண்டு எதற்காகக் கடல் கடந்து வந்தது? சிறு கைமாற்றிற்குச் சில்லறையாகவே வழங்கியிருத்தல் வேண்டும். ஈழத்தில் இவை மிகுதியாகக் கிடைத்தலோடு, இவற்றைப் பார்த்து அங்கேயே அடிக்கப்பட்ட போலிகளும் உள்ளன. காட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட ஈழக் காசு வரலாறும், பின்னர் வால்பர்க் எழுதிய நூலும் அவற்றை விரிவாகக் கூறும். போலி என்பது வணிகர் வழக்கில் இழிசொல், ஆராய்ச்சியில் அவ்வாறன்று. சில்லறைக்கு மிக்க தேவையிருந்து, வந்த காசு போதாமையாலேயே போலி பிறக்கின்றது. உரோமானிய அட்டவணைகளில் அதற்கு இடமில்லாமையின் அருமைக் குறியும் இல்லை. குறியில்லாத காசே நமக்கு மிகுதியாகப் பேசுகின்றது.

திருக்கோவலூர் மலையமான்களின் ஊர். அங்குப் பெண்ணையாற்றில் மலையமான்களின் காசுகளும் கிடைத்துள்ளமையால், நம் நாட்டுக் காசும் அயல்நாட்டுக் காசும் ஓராற்று மணலில் அடுத்தடுத்துக் கிடக்கும் அரிய வாய்ப்பு அவ்வூர்க்கு உண்டு. அந்த ஆறு கடலொடு கலப்பது கடலூர்க்கருகில். மேலாற்றிற் செப்புக்காசு உண்டு, கழிமுகத்தில் உண்டா? உண்டாயின் எவ்வளவு? ஆற்றுவாயிற் குறைந்தும் திருக்கோவலூரில் மிகுந்தும் காணப்படின், அவை மேற்கே கொங்கு நாட்டினின்று நிலவழியாக வந்தன என்று கருதுதற்கு இடமுண்டு. இரண்டிடத்தும் ஒத்த விகிதத்தில், குறிப்பாக ஈழத்துப் போலிகளும் உடன்கலந்து காணப்படின், கடல்வழியே வந்து ஆற்றின்மேல் ஏறின என்பது வலுப்பெறும். வெள்ளம் காசை அடித்துச் செல்லும் என்பதையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். எனினும் வெள்ளம் கீழ்நோக்கியே செல்லும், மேல்நோக்கிச் செல்லாது.

இவ்வினாவிற்கு விடை காணுதற்குத் தேவையானது அரிய காசன்று. இடம் குறித்த எளிய காசு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து உரூபாவிற்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தார் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்கின்றது. ஆற்று மணலில் ஒன்றும் இரண்டுமாகக் கிடைக்கும் செப்புக்காசைப் புதையல் என்று எவர் நினைப்பார்? சட்டத்தின் கண்ணிற் படாமலே அது கைமாறிவிடுகின்றது. பழைய பட்டியல்களில் வரும் ‘தென்னார்க்காடு மாவட்டம்’ என்னும் குறிப்பும் இனிப் போதாது. அம்மாவட்டம் 1993இற் பிரிந்தது. திருக்கோவலூர் இப்போது 2019இல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தது. மாவட்டப் பெயரை மட்டும் நம்பிய சீட்டு, ஒரு தலைமுறையிற் பொருளிழந்துவிடுகின்றது. ஊர், ஆற்றின் எக்கரை, பாலத்திற்கு மேலா கீழா, உடன் கிடைத்தவை யாவை, படிக்கவொண்ணாதன எத்தனை என்பன குறிக்கப்பட வேண்டும். இறுதியிற் கூறியது இன்றியமையாதது. படிக்கத்தக்க பத்தை மட்டும் வெளியிட்டு, படிக்கவொண்ணாத தொண்ணூற்றைக் கூறாது விடின் விகிதம் முழுவதும் பொய்த்துவிடும்.

கடலூர், பண்ணுருட்டி, சிதம்பரம் வட்டங்களில் தனியார் வீடுகளிலும் பள்ளிகளின் காட்சிப் பேழைகளிலும் இருக்கும் செப்புக்காசுகளை விலை பேசாது, எடை, விட்டம், ஒளிப்படம், கிடைத்த இடம் ஆகிய நான்கையும் மட்டும் குறித்துத் தொகுத்தல் இரண்டு மாணவர்க்கு ஓராண்டுப் பணியாகும். அத்தொகுப்பைத் திருக்கோவலூர்த் தொகுதியோடு வைத்து ஒப்பிட்ட பின்னரே, பெண்ணையின் வாயில் எக்காசு அரியது, எக்காசு எளியது என்று எழுதுதல் கூடும்.